நூறு கம்மி

"அந்த வெளியூர்க்காரன் உன்னைவிட நூறு கம்மிக்குப் போடறான். நீயும் இறங்கி வந்தா வா. இல்லேன்னா உன் இஷ்டம்."

காண்ட்ராக்டர் போனை வைத்துவிட்டார்.

ரசமட்டத்துக்குச் சுருக்கென்றது. டைல்ஸ் பதிப்பதில் அவர் கை அத்தனை நேர்த்தி. அதனால் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அந்தக் கையைக் கட்டிக்கொண்டு மூன்று வாரமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்கிருந்தோ வந்து நம்ம வயித்துல அடிக்கிறான் பாரு!"

"கோபத்துல உலை கொதிக்குமா?" என்றாள் மனைவி. "நூத்தம்பது கம்மின்னு கேளுங்க. அவன் தானா ஓடிடுவான்."

கிளம்பிவிட்டார்.

கட்டடத்தின் மூன்றாவது மாடி. குளியலறையில் அந்த வெளியூர்க்காரன் மட்டும் இருந்தான். அவன் பதித்த டைல்ஸை ரசமட்டம் தட்டிப் பார்த்தார். அடியில் சிமெண்ட் பிடிக்காத பொள்ளல் சத்தம் எங்குமே இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"தம்பி, நாளைக்கு நீ வர வேணாம். என் கூலியில நூத்தம்பது குறைச்சுக்கிட்டு நான் போடப்போறேன்."

அவன் எழுந்தான். சண்டைக்குத்தான் என்று ரசமட்டம் சட்டைக் கையை மடித்தார்.

"நான் கம்மிக்குப் போடல அண்ணே" என்றான் திக்கித் திக்கி. "உங்க ஊர்க் கூலி என்னன்னு கேட்டு, அதையேதான் வாங்கறேன்."

"பொய்! நூறு கம்மின்னு அவரே சொன்னார்."

"என்கிட்டயும் சொன்னார். நீங்க நூறு கம்மிக்கு வர்றீங்களாம், நானும் குறைக்கணுமாம். முடியாதுன்னுட்டேன். இன்னிக்கோட எனக்கு வேலை இல்ல."

ரசமட்டத்துக்கு முகம் தொங்கிவிட்டது. அந்தப் பொய்யை நிஜமாக்கத்தானே மூன்று மாடி ஏறி வந்தார்!

அதற்குள் காண்ட்ராக்டர் மேலே வந்தார். "என்னப்பா, குறைச்சுக்கறியா?"

"ரெண்டு பேருக்கும் பழைய கூலி. இல்லேன்னா ரெண்டு பேருமே இல்ல" என்றார் ரசமட்டம்.

காண்ட்ராக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் பதினோரு குளியலறை பாக்கி. வீட்டுக்காரர்கள் வரும் தேதி வேறு நெருங்கிவிட்டது.

"சரி சரி, வேலையைப் பாருங்க" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

ரசமட்டத்துக்கு மனசு ஆறவில்லை. "ஏன் தம்பி, நீ நூறு குறைச்சிருந்தா வேலை முழுக்க உனக்குத்தானே?"

அவன் சிமெண்டைக் குழைத்துக்கொண்டே சொன்னான்:

"எங்க ஊர்ல அப்படித்தான் ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டி போட்டுக் குறைச்சோம். பொழைக்க வழியில்லாம இங்க வந்தேன். இங்கேயும் குறைச்சா, அப்புறம் நாம ரெண்டு பேரும் எங்க அண்ணே போறது?"