நூற்று ஐம்பத்து மூன்றாம் நம்பர் கார்

"கள்ளன் காரைக் கொண்டு போவான், சரி. ஊருக்கே தெரிஞ்ச நம்பர் தகட்டையுமா மாட்டிக்கிட்டு அலைவான்?" என்று கேட்டாள் வியாகுலம்மாள்.

மரியஜான் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவும் மறந்தார். குளச்சலில் கருவாட்டு வியாபாரம் செய்து, எத்தனையோ பேரை வாயாலேயே மடக்கிய மனுஷன். மகள் குளோரிக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு அத்தையாக வந்து வாய்த்த இந்த அம்மாளிடம் மட்டும் அந்த வாய் எடுபடவில்லை. கொல்லத்தில் வாழ்க்கைப்பட்டவள் அவள். தம்பி கிளீட்டஸின் மகனுக்குக் கல்யாணம் என்று முந்தாநாள்தான் வந்து இறங்கினாள். இறங்கியதிலிருந்து கார் எங்கே, கார் எங்கே என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

"இன்னொரு மட்டம் சொல்லுங்க. கார் எப்படிப் போச்சு?"

"திருவனந்தபுரத்துல இருந்து டிரைவர் ஓட்டிக்கிட்டு வந்தான். தக்கலையில ஒரு சாயா குடிக்க எறங்கினான். திரும்பி வந்து பாத்தா காரைக் காணல்ல."

"சாயா குடிச்சானா, சாயாக்கடையையே குடிச்சானா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீட்டஸ், "எக்கா, கொஞ்சம் சும்மா இரி," என்றார்.

"நீ சும்மா இரிலே. ரப்பர் தோட்டம் வச்சிருக்கப்பட்ட குடும்பம் நாம. பொண்ணு வீட்டுல கார் உண்டுன்னு நீ எழுதினதை நம்பி, கொல்லம் முழுக்கப் பறஞ்சு வச்சிருக்கேன். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவேன்?"

நம்பர் ஊருக்கெல்லாம் தெரிந்ததற்கு மரியஜானேதான் காரணம். நிச்சயதார்த்தப் பந்தியில் அவர் அளந்தது கொஞ்சமா? உயிர்த்தெழுந்த ஆண்டவர் சொன்னபடி பேதுரு இழுத்த வலையில் நூற்று ஐம்பத்து மூன்று மீன் இருந்தது என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னாரல்லவா, மீனால் பிழைக்கிற எனக்கு அதைவிட நல்ல நம்பர் ஏது, திருவனந்தபுரத்துக்கு, சமஸ்தான சர்க்காருக்கே மனுப் போட்டு அதையே கேட்டு வாங்கினேன் என்றார். தன் பிரசங்கத்தையும் ஒருத்தன் காது கொடுத்துக் கேட்டிருக்கிறானே என்று சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து குளச்சலில் மூக்கு ஒழுகும் பிள்ளைகூட அந்த நம்பரைச் சொல்லும்.

"அதனாலதான் சொல்லுதேன்," என்றாள் வியாகுலம்மாள். "இந்த நம்பரை வச்சுக்கிட்டுக் கள்ளன் ரெண்டு மைல் போவ முடியாது. கழட்டிக் குளத்துலயோ ஓடையிலயோ எறிஞ்சிருப்பான். அந்தத் தகட்டைக் கொண்டு காட்டுங்க. கார் இருந்துதுன்னு நம்புதேன். இல்லன்னா, நாளைக்குப் பூசையில மூணாவது தடவை கல்யாண ஓலை வாசிச்சு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல ஆளுண்டான்னு சாமியார் கேப்பாருல்லா? நான் எழும்புவேன்."

உள்ளறையில் வளையல் சத்தம் நின்றது. மகள் குளோரி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மரியஜான் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். கோயிலில் ஓலை நின்றுபோன பெண்ணை அப்புறம் எவன் வந்து கேட்பான்? அந்தப் பையன் மேல் அவளுக்கு உயிர் வேறு. பாழாய்ப்போன கார் என் பிள்ளை வாழ்க்கையில் வந்து ஏறவேண்டுமா என்று அவருக்கு அழுகை முட்டியது.

"தக்கலை முழுக்கத் தேடியாச்சும்மா," என்றார்.

"தேடினவரு முகம் மாதிரி தெரியல்லியே."

கிளீட்டஸ் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "எனக்கு அந்தப் பக்கம் ஆளுண்டு. சிதறால் வரைக்கும் ஒரு குளம் விடாம நான் தேடுதேன்."

"வேண்டாம் சம்மந்தி, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்," என்று மரியஜான் பின்னாலேயே ஓடினார். கிளீட்டஸ் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

மறுநாள் பூசைக்கு மணி அடித்தார்கள். கோயில் முற்றத்தில் மரியஜான் தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு நின்றார். வியாகுலம்மாள் சரிகைப் புடவையில், தடை சொல்வதற்கென்றே தொண்டையைச் செருமியபடி வந்தாள்.

"எக்கா, நில்லு."

கிளீட்டஸ் வேர்க்க விறுவிறுக்க வந்து, கையிலிருந்த சாக்கைப் பிரித்தார். உள்ளே சேறு அப்பிய தகரம். துண்டால் துடைத்ததும் கறுப்புப் பெயிண்டின் மேல் வெள்ளையாக 153 தெரிந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"சிதறால் மலைக்குக் கீழ ஒரு குளத்துல கெடந்துது. ஆளை விட்டு முங்கி எடுத்தேன்."

வியாகுலம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தேகம் தீராமல் முகர்ந்தும் பார்த்தாள்.

"கருவாட்டு வாடை அடிக்கி. இவரு காருதான்." அவள் குரல் இறங்கிவிட்டது. "மனசுல வச்சுக்கிடாதீங்க. கார் திரும்பக் கெடைக்க நானே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துதேன்."

அவள் உள்ளே போனாள். மரியஜான் தகட்டைக் கையில் வாங்கி, தன் காரின் நம்பரை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார்.

"சம்மந்தி," என்றார் சத்தம் வராமல், "எனக்குக் காரே கெடையாதே."

"அது எனக்கு நிச்சயத்தன்னைக்கே தெரியும். ராத்திரி நான் பெயிண்ட் அடிச்சு, கருவாட்டுச் சாக்குல போட்டு வச்ச தகடு இது. மெள்ளப் பேசும்," என்று கிளீட்டஸ் அவரை மதிலோரம் தள்ளிக்கொண்டு போனார். "பூசை முடிஞ்சதும் எக்காளுக்கு, நான் வாங்கினதா எழுதின ரப்பர் தோட்டத்தைப் பாக்கணுமாம். இல்லாத தோட்டத்தை நான் எங்க கொண்டு காட்ட? காட்டானை எறங்கிட்டுது, யாரும் மலைக்குப் போவாதீங்கன்னு சொல்லிக்கிட்டு நீரு ஓடி வரணும். திருவட்டாறு கோயில் ஆனைக்காரன்கிட்ட ஆனை போட்ட பிண்டம் ஒரு கூடை வாங்கி வச்சிருக்கேன், சாட்சிக்கு அதையும் எடுத்துக்கிட்டு வாரும்."