ஹெட்மாஸ்டர் நாற்காலி

“ஐயையோ, அதுல உக்காராதே! ஹெட்மாஸ்டர் நாற்காலி!”

மெத்தைக்காரர் போட்ட சத்தத்தில், உட்காரப் போன அவர் மனைவி பாதியிலேயே நின்றுவிட்டாள். கையிலிருந்த டீ தளும்பியது.

“எந்த ஹெட்மாஸ்டருங்க?”

“ரிட்டயர்டு. ஆறடி உயரம், கையில தடி. முதுகு வலிக்காரர். ஸ்பிரிங் சத்தம் போடுதுன்னு கொண்டாந்து விட்டிருக்கார்.”

மெத்தைக்காரர் கடைக்கு ரிப்பேருக்கு வரும் நாற்காலி, சோபா எல்லாவற்றிலும் ஓர் அட்டை தொங்கும். யாருடையது, எப்போது வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். இந்த அட்டையில் ‘ஹெட்மாஸ்டர் - அவசரம் இல்லை’ என்று இருந்தது. எழுத்து மெத்தைக்காரருடையது. நாற்காலியும் அவருடையதுதான். ஹெட்மாஸ்டர் என்று ஓர் ஆள் பிறக்கவே இல்லை.

நடந்தது இதுதான். ஊரார் சொகுசாக உட்கார முப்பது வருஷம் மெத்தை தைத்த மனிதர், தான் உட்கார்ந்ததெல்லாம் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் டப்பாவில். போன மாதம் ஒரு கடையில் இந்த நாற்காலியைப் பார்த்தார். பக்கத்துப் பிடியை இழுத்தால் முதுகு சாயும், கால் தானாக மேலே எழும். சும்மா ஒரு தடவை சாய்ந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தவர், எழுந்தபோது கையில் ரசீது இருந்தது.

குற்ற உணர்ச்சி கடை வாசலிலேயே தொற்றிக்கொண்டது. நாற்காலியை வண்டியில் அனுப்பிவிட்டு, பஸ் காசையாவது மிச்சம் பிடிப்போம் என்று நாலு கிலோமீட்டர் நடந்தே வந்தார். புது நாற்காலிக்கு ரிப்பேர் கடையில் என்ன வேலை என்று யாராவது கேட்டால்? பின்பக்கத் தையலைத் தானே கத்திரிக்கோலால் பிரித்துவிட்டார். அப்போது அவர் கண் கலங்கியது அந்தக் கத்திரிக்கோலுக்கு மட்டும்தான் தெரியும்.

மனைவி வெளியே போகும் நேரம் பார்த்துத்தான் உட்காருவார். அதிலும் நிம்மதி இல்லை. சாய்ந்தால் மகளின் காலேஜ் பீஸ் முதுகில் குத்தியது. காலை நீட்டினால், மனைவி தள்ளிப் போட்டுக்கொண்டே வரும் பல் வைத்தியம் எதிரே நின்று முறைத்தது. ஐந்தே நிமிஷத்தில் பெயிண்ட் டப்பாவுக்குத் திரும்பினால்தான் உடம்புக்கு ஒத்துக்கொண்டது.

மனைவியோ விடுவதாக இல்லை.

“பாவங்க அந்த ஹெட்மாஸ்டர். மூணு வாரமா நாற்காலி இல்லாம என்ன பண்றாரோ?”

“மக வீட்டுக்குப் போயிருக்கார்.”

“சம்சாரமும் கூடப் போயிருக்காங்களா?”

இந்தக் குறுக்கு விசாரணைக்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைத்துவிட நினைத்தார் மெத்தைக்காரர்.

“சம்சாரம் தவறிப்போச்சு. போன வருஷம்.”

“அப்படியா?” என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்கால டீயில் சர்க்கரை இல்லை. மறுநாளும் இல்லை. தன் ஒருத்தன் சொகுசால் வீட்டில் சர்க்கரைக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டே மெத்தைக்காரர் அதைக் குடித்து வைத்தார்.

நாலாம் நாள் அவள் ஒரு சின்னத் திண்டோடு கடைக்கு வந்தாள்.

“ஹெட்மாஸ்டர் முதுகுக்குங்க. இடது பக்கம் கொஞ்சம் தடிமனா வச்சுத் தச்சிருக்கேன்.”

அவள் போனதும் சாய்ந்து பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனுஷனுக்காக இப்படி உருகுகிறாளே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டி, பிரித்த தையலை உட்கார்ந்து தைத்தார்.

“வேலை முடிஞ்சிடுச்சா?” என்று மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி.

“முடிஞ்சுது. நாளைக்கு அனுப்பிடணும்.”

மறுநாள் காலையில் ஒரு வீட்டு சோபாவுக்கு அளவெடுத்துவிட்டு, கையோடு ஒரு வண்டியையும் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்காலி இருந்த இடத்தில் வெறும் தரை இருந்தது.

“எங்கடி நாற்காலி?”

“ஹெட்மாஸ்டர்தான் எடுத்துக்கிட்டாரே.”

“யாரு?”

“ஹெட்மாஸ்டருங்க. ஆனா நீங்க சொன்ன ஆறடியெல்லாம் இல்ல, சுமாரான உயரம்தான். தடியையும் காணோம். நல்ல மனுஷன், என்ன, சரியான பயந்தாங்கொள்ளி.”

மெத்தைக்காரர் தெருவுக்கு ஓடி இரண்டு பக்கமும் பார்த்தார். தான் சொன்ன பொய்க்குக் கால் முளைத்து, நடந்து வந்து, தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு போன கதையை யாரிடம் சொல்வது? வண்டிக்காரருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டுப் பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அது குத்தியது.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு மாடியிலிருந்த வீட்டுக்கு ஏறினார்.

உள்ளே ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், காலை நீட்டிக்கொண்டு நின்றது நாற்காலி. அதன் மேல் அந்தத் திண்டு. அட்டையில் ‘அவசரம் இல்லை’யை அடித்துவிட்டு, ‘ஒப்படைத்தாயிற்று’ என்று மனைவியின் கையெழுத்து.

அவர் தோளைப் பிடித்து அதில் உட்கார்த்தி வைத்து, டீயை நீட்டினாள் மனைவி. ஒரு வாய் குடித்தார். இன்றைக்கும் சர்க்கரை இல்லை.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

“அதெல்லாம் சரி ஹெட்மாஸ்டர், என்னை எதுக்குச் சாகடிச்சீங்க?”