காலைப் போணி

மனைவியின் ஆபீசில் துப்பாக்கிச் சூடு என்று கேட்டதும் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார் கடைக்காரர். அவளுக்குக் கீறல்கூட இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"உக்காருங்களேன்! பேனா விழுந்துச்சு, குனிஞ்சேன், குண்டு தலைக்கு மேல போயிடுச்சு. பக்கத்து சீட்டு அக்காதான் பாவம், போயிட்டாங்க. எல்லாம் நீங்க செஞ்ச புண்ணியம்!"

"சுட்டவன் எப்படி இருந்தான்?"

"வயசுப் பையன். சட்டைப் பட்டனைக்கூட மாத்திப் போட்டிருந்தான். கையெல்லாம் ஒரே நடுக்கம்."

அவர் நடை நின்றது.

காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவனின் கோணல் சட்டையையும் நடுங்கும் கையையும் பார்த்து, "சரக்கு இல்லப்பா" என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

போணி நேரத்தில் இல்லை என்று சொல்லக் கூடாதே என்று, துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தார்.