இருபத்தொரு டிகிரி

"பக்கத்து வீட்டம்மா நம்ம சூட்டுலதான் குளிர் காயறாங்க!"

மின்கே போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். யெல்லே பதறிப்போய்ச் சுவரைக் காட்டினான்.

"மெல்லப் பேசு. இந்தச் சுவர் அட்டை மாதிரி."

"கேக்கட்டும். கேக்கணும்னுதானே பேசறேன்!"

நெதர்லாந்தின் லேவார்டன் நகரில், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய அந்த வரிசை வீட்டை வாங்கிக் கணவனும் மனைவியும் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹீட்டரைக் கட்டுப்படுத்தப் புதிதாக ஒரு கருவி பொருத்த வேண்டும். கடையிலிருந்து வந்திருந்த ரின்ஸ், மேஜை முழுக்கக் கருவிகளைப் பரப்பி வைத்திருந்தான். காபியோடு ஆளுக்கொரு பிஸ்கெட் எடுத்துக்கொண்டதும் மின்கே டப்பாவை மூடிவிட்டாள்.

"இது வீடு முழுக்க ஒரே சூடு" என்றான் ரின்ஸ். "இது நீங்க எப்ப வர்றீங்க, எப்ப தூங்கறீங்கன்னு தானாவே கத்துக்கும். இது ரூமுக்கு ரூம் தனித்தனி. எதை வாங்கினாலும் ரெண்டு பேர் போன்லேர்ந்தும் கூட்டலாம், குறைக்கலாம்."

பிறகு எழுந்து போய், பிரிக்காத பெட்டிகள் அடுக்கியிருந்த முன்னறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"ஆனா மேடம், இது வழியா நிறையச் சூடு அந்தப் பக்கம் போகுது. உள்ளே பஞ்சு அடைச்சிட்டா நின்னுடும்."

"பஞ்சும் வேணாம், ஒண்ணும் வேணாம். சுவரை இடிச்சுக் குப்பை பண்றதுக்கா? ரூமுக்கு ரூம் தனியா இருக்கே, அதையே மாட்டுங்க. இந்த ரூமைப் பதினஞ்சுல வெச்சிட்டா அந்தம்மா என்ன பண்றாங்கன்னு பார்ப்போம்!"

கடைசிச் சொற்களைச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். யெல்லேவுக்குக் கூச்சமாக இருந்தது. வந்த இடத்தில் முதல் வேலையாக இப்படியா?

பக்கத்து வீட்டு ஹூக்ஸ்மா அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. எண்பதை நெருங்கியவர், தனி ஆள். மறுநாள் தோட்டத்து வேலிக்கு மேல் தலை தெரிந்தது.

"ஏ பொண்ணே, ஏதோ புத்திசாலிக் கருவி மாட்டியிருக்கியாமே? நான் போன குளிருக்கும் ஹீட்டரைத் தொடலை, இந்தக் குளிருக்கும் தொடலை. உங்களுக்குத்தான் டிசம்பர் மாசத்துல பனியனோட உட்காரணும்!"

"எங்க சூட்டை உறிஞ்சிக்கிட்டுப் பெருமை வேறயா?"

"சுவர் சுடுதுன்னா நான் என்ன பண்ண? விசிறியா வீச முடியும்?"

"அதான் அந்த ரூம் சூட்டைக் குறைச்சிட்டோம். இனிமே தெரியும்!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவை அறைந்து சாத்தினார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஹூக்ஸ்மாவுக்கு வந்த ஒரு பார்சலை, ஆள் இல்லை என்று தபால்காரர் இவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். யெல்லே எடுத்துக்கொண்டு போனான்.

கதவு பாதிதான் திறந்தது. வீட்டுக்குள்ளேயே கனத்த கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார் அந்த அம்மாள். அவர் பேசப் பேசக் குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. அவருக்குப் பின்னால், நாற்காலி ஒன்று இவர்கள் வீட்டுச் சுவரோடு முதுகை ஒட்டிக் கிடந்தது. மற்ற சாமான்கள் எல்லாம் எதிர் மூலையில்.

"நன்றி" என்று பார்சலை வாங்கிக்கொண்டார். "போய் உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு. கருவி வேலை செய்யலை. என் சுவர் இன்னும் சூடாத்தான் இருக்கு!"

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

யெல்லே வாசலிலேயே நின்றுவிட்டான். ஹீட்டரைத் தொடாதது வீம்பு இல்லை, பணமில்லாமை என்று புரிந்தது. அந்தச் சுவரும் குளிர்ந்தால் இந்தக் குளிர்காலத்தை அவர் எப்படிக் கடப்பார்? மின்கேயிடம் சொன்னால் என்ன சொல்வாளோ. சொல்லாமலே, யாரும் போகாமல் மூடிக் கிடந்த முன்னறையின் சூட்டைக் கூட்டிவிடுவது என்று முடிவு செய்து, முதன்முறையாகப் போனில் அந்தச் செயலியைத் திறந்தான்.

முன்னறை, இருபத்தொன்று.

பதினைந்து அல்ல. இருபத்தொன்று.

தோட்டத்துக் கோடிக்குப் போய் ரின்ஸைப் போனில் கூப்பிட்டான்.

"உங்க கருவியில ஏதோ கோளாறு. தானா ஏறியிருக்கு."

"அப்படியா? நாளைக்கு வந்து சரி பண்ணிடறேன்."

"ஐயோ, வேணாம்! சரி பண்ணாதீங்க. இந்தக் கோளாறு மார்ச் வரைக்கும் இப்படியே இருக்குமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். என் மனைவிக்கு மட்டும் தெரிய வேணாம்."

மறுமுனையில் ரின்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கருவி ஒழுங்காத்தான் இருக்கு. மாட்டின அன்னிக்குச் சாயங்காலமே உங்க வீட்டம்மா எனக்குப் போன் பண்ணி, இருபத்தொண்ணுல நிலையா நிக்கறதுக்கு எப்படி வைக்கறதுன்னு கேட்டாங்களே!"

மின்கே சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். யெல்லே போன் திரையை அவள் முன் நீட்டினான்.

"நீயா?"

அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் கிசுகிசுத்துப் பேசி அன்றுதான் கேட்டான்.

"வந்த புதுசுல பட்டாணி சூப் கொண்டுபோனேன். யார்கிட்டயும் கையேந்திப் பழக்கமில்லைன்னு கதவைச் சாத்திட்டாங்க. போர்வை கொடுத்தேன். மடிப்புக் கலையாம நம்ம வாசல்லயே கொண்டுவந்து வெச்சிட்டாங்க."

"அதுக்காகத் தினம் சண்டையா?"

"பின்னே? நாம கொடுக்கறோம்னு தெரிஞ்சா வேணாம்னுடுவாங்க, யெல்லே. நம்மகிட்டேர்ந்து பிடுங்கறோம்னு நினைச்சாதான் சந்தோஷமா எடுத்துப்பாங்க."