நடக்கிற காரியமா?

"வண்டிச் சாவியப் பாத்தியா?" பள்ளி நூலகர் வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசியா எங்க வச்சீங்க?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சா உன்னை ஏன் கேக்குறேன்?"

"நேத்து வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க?"

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேத்து பயிற்சி வகுப்புலயும் இதே ரோதனைதான். புதுக் கற்றல் தரநிலையாம்! பசங்க கேட்டா நூலகர் உடனே புத்தகத்த எடுத்துக் குடுக்கக் கூடாதாம். கேள்வி கேட்டுக் கேட்டு அவங்களையே தேட வைக்கணுமாம். நடக்கிற காரியமா?" என்று அவளிடமே பொரிந்து தள்ளினார்.

"சரி, தூங்கப் போறப்ப என்ன படிச்சீங்க?"

"அந்தத் தரநிலைக் கையேட்டைத்தான்..." சட்டென்று நிறுத்தி, ஓடிப்போய்க் கையேட்டைப் பிரித்தார். மூன்றாம் பக்கத்தில், படித்த இடத்துக்கு அடையாளமாகச் சாவி!

"நானே கண்டுபிடிச்சிட்டேன்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

"நடக்கிற காரியந்தானே? ஆமா, மூணு பக்கம்தான் படிச்சீங்களா?"

அவர் பேச்சை மாற்றினார். "ஐயோ, மணியாச்சு! லேட்டா போனா அந்தப் பயிற்சியாளர் கதவைச் சாத்திடுவாங்க."

"சாத்த மாட்டாங்க." மனைவி 'பயிற்சியாளர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "அவங்களும் உங்க பின்னாடி உக்காந்துதானே வரணும்!"