வாட மறுத்த நெல்

"ஐயோ, பயிர் இப்படிச் செழிச்சு நிக்குதே!" ஆராய்ச்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

நெல்லின் வேருக்குச் சத்து கொண்டுவரும் பூஞ்சைக்குக் கதவு திறந்துவிடுவது ஒரு மரபணு. அதைத்தான் அவர் வெட்டியிருந்தார். பூஞ்சை நுழையாமல் பயிர் வாடினால் கதவு திறப்பது அந்த மரபணுதான் என்று உறுதியாகும்; அவர் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு நடை.

இயக்குநர் நுண்ணோக்கியில் வேரைப் பார்த்தார். "பூஞ்சை குடும்பத்தோட குடியிருக்கே! எதைய்யா வெட்டினே? கிளம்பு!"

வாசலில், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆராய்ச்சியாளரே வேலைக்குச் சேர்த்துவிட்ட அவருடைய மாமனார், சிரித்தபடி காதைக் கடித்தார்.

"உங்க பயிரெல்லாம் நோஞ்சானா நின்னுச்சு மாப்ள. பெரியவர் வந்து பார்த்தா மானம் போயிடுமேன்னு போன வாரமே பிடுங்கிப் போட்டுட்டு, பக்கத்துத் தொட்டியிலேருந்து நல்லதா மாத்தி நட்டுட்டேன். நிரந்தரம் பண்ணிட்டாங்கதானே?"