கண்ஜாடை

சிமெண்ட் ஆலை கட்டுமுன், வீடு வீடாக உடல்நலக் கணக்கெடுத்து வந்த பெண் கேட்டாள்: "வீட்ல யாருக்காவது மூச்சுத் திணறல் இருக்கா?"

தையல்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நோயாளி உள்ள வீட்டுக்கு இழப்பீடு உண்டென்று தெருவெல்லாம் பேச்சு. கண்ஜாடை காட்டினார். கல்லுக்குண்டு மாதிரி இருந்த மகள் லொக்கு லொக்கென்று இருமித் தள்ளினாள்.

"பொறந்ததுல இருந்தே இப்படித்தாம்மா!" அவள் நீட்டிய படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஆலை ஓடத் தொடங்கிய மூன்றாம் வருடம், மூச்சுக்குத் தவித்த மகளைத் தூக்கிக்கொண்டு ஆலை அலுவலகத்துக்கு ஓடினார்.

"உங்க புகையாலதான் சார். வைத்தியத்துக்கு ஒரு வழி பண்ணுங்க."

அதிகாரி பழைய படிவத்தை நீட்டினார். "நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்த வியாதி. உங்க கையெழுத்துதானே?"

"ஐயோ, அது நடிப்பு சார்!"

"அப்போ இதுவும் நடிப்புதானே?"

தோளில் கிடந்த மகள் இருமினாள். அவர் கண்ஜாடை காட்டவே இல்லை.